டெர்மினேட்டர் 2-க்கு அப்புறம் ஏன் எதுவுமே ஒட்டல?

விடியவிடிய முழிச்சு டெர்மினேட்டர் ஹாலிவுட் பட வரிசையை மறுபடி பார்த்தேன். 1984, 1991 ரெண்டும் இன்னிக்கும் அப்படியே நிக்குது. 2003-ல வந்த மூணாவதுல ஆரம்பிச்சு எனக்கு எரிச்சல்தான். கிராபிக்ஸ் குறைன்னு சொல்ல முடியாது. வயசாயிடுச்சா எனக்கு?

— வயசெல்லாம் இல்லைங்க. ரெண்டாவது படம் "விதியை நாமதான் எழுதுறோம்"னு முடியுது. மூணாவது வந்து "மெஷின்களால வர்ற அழிவு தள்ளித்தான் போச்சு, நிக்கல"ன்னு சொல்லுது. அதைத் தடுக்க நாயகி சாரா பட்ட பாடெல்லாம் வீண். 2019 படம் இன்னும் மோசம், ஆரம்பத்துலயே அவ மகன் ஜானைக் கொன்னுடுறாங்க! அந்தப் பையனுக்காகத்தானே ரெண்டு படம் பதறினோம்?

— ஏலியன் 3-லயும் (1992) இதே துரோகம். முந்தின படத்துல நாயகி ரிப்ளி உயிரைப் பணயம் வச்சு மீட்ட சிறுமி நியூட், தொடக்கத்துலயே செத்துப்போறா. நான் இன்னும் மன்னிக்கல. ஆனா படமா பார்த்தா அந்தச் சிறைக்கோள் சூழல் எனக்குப் பிடிக்கும், திட்டாதீங்க.

— எனக்கு வேற கடுப்பு, விளக்கம். 1979-ல வந்த முதல் ஏலியன் படத்துல அந்த ஜந்து எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியாது, அதான் பயம். 2017-ல வந்த ஏலியன்: கவனன்ட்ல டேவிட்ங்கிற ரோபோ ஆய்வுக்கூடத்துல உருவாக்கினதுன்னு காட்டிட்டாங்க. இருட்டுல லைட்டைப் போட்ட மாதிரி ஆச்சு.

— கேட்டவன்தான். ஜான் விஷயம் சரிதான் நண்பரே, அங்கதான் டிவியை அணைச்சேன். நியூட் பத்தி ஞாபகப்படுத்தியிருக்க வேண்டாம்.