பட்டயமா, மண்வெட்டியா?

கேள்வி:
வேதபாட வகுப்பில் பைபிளின் ஏசாயா 2:4 வாசித்தோம். பட்டயங்களை, அதாவது வாள்களை, மண்வெட்டிகளாக அடிப்பார்கள் என்ற வசனம். ஒரு மாணவி யோவேல் 3:10-ஐத் திருப்பி, "இங்கே மண்வெட்டியைப் பட்டயமாக்கச் சொல்லுதே, இன்றைக்கு எது?" என்றாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இரவெல்லாம் அதே யோசனை.

பதில் 1:
யோவேல் சொல்வது கடவுளின் நியாயத்தீர்ப்புக்குக் கூடும் ஜாதிகளுக்கு, அதாவது தேசங்களுக்கு, விடும் சவால். நமக்கான கட்டளையாக நான் அதை வாசிப்பதில்லை. போருக்கான விதிகளைச் சொல்லும் உபாகமம் 20-ஐ அவளோடு வாசியுங்கள். முதலில் சமாதானம் கூற வேண்டும். புது வீடு கட்டியவன், பெண் நிச்சயித்தவன், ஏன், பயந்தவனும் வீடு திரும்பலாம். முற்றுகையிலும் கனிமரத்தை வெட்டக் கூடாது. 12-ம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ், முற்றுகையில் ஒரு பக்கத்தைத் திறந்தே விட வேண்டும் என்கிறார், உயிர் தப்ப நினைப்பவர்களுக்காக. இதை இன்றைய தளபதிகள் படிக்க வேண்டும்.

பதில் 2:
சரி, ஆனால் அதே அதிகாரத்தின் 16, 17-ம் வசனங்களை மறைக்காதீர்கள். கானான் தேசத்து ஜாதிகளில் ஒருவரையும் உயிரோடு வைக்காதே என்கிறது. எனக்கு அது இன்னும் வலிக்கிறது. அந்த ஜாதிகள் அழிந்துபோயின என்று மைமோனிடிசே எழுதினார். அப்புறம் இன்றைய எதிரியை யாரும் கானானியன் என்று அழைக்க முடியாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. மத்தேயு 5:9-ஐயும் சேர்த்து வாசிக்கப் போகிறேன். சமாதானத்தை விரும்புகிறவர்கள் என்று இல்லை, "பண்ணுகிறவர்கள்" என்றுதான் இருக்கிறது.