வகைக்கு ஒரு நூலா, ஒரே வகையில் நூறு நூலா? குழந்தைப் பாடலை எந்த அலமாரியில் வைப்பது?

நூலேணி (தொடக்கப் பதிவு)

கடந்த சில ஆண்டுகளில் படித்து முடித்தவற்றைக் குறித்துவைத்திருந்த ஏட்டை அண்மையில் புரட்டிப் பார்த்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. பத்தில் எட்டு நூல்கள் குடும்ப உறவுகளைப் பேசும் யதார்த்த நாவல்கள். எஞ்சிய இரண்டும் அவற்றை எழுதியவர்களின் நினைவுக் குறிப்புகள். பல வகை நூல்களைப் படிப்பவன் என்று நான் என்னைப் பற்றி வைத்திருந்த எண்ணம் அந்த ஏட்டின் முன் நிற்கவில்லை.

எனவே ஒரு திட்டம் வகுத்தேன். மாதத்துக்கு ஒரு வகை: துப்பறியும் கதை, அறிவியல் புனைவு, திகில், வரலாற்று நாவல், மிகைபுனைவு, சாகசம் என்று வரிசை நீண்டு, பன்னிரண்டாவது மாதம் குழந்தைப் பாடல்களில் முடியும். ஏழு மாதங்கள் கடந்துவிட்டன. ஒரே வகையில் ஊன்றி நிற்பவர் அந்த வகையைக்கூட முழுதாக அறிவதில்லை என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். 1818இல் வெளிவந்த மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். அறிவியல் புனைவின் வாசகர்கள் அதைத் தங்கள் வகையின் தொடக்கம் என்கிறார்கள். திகில் வாசகர்கள் தங்களுடையது என்கிறார்கள். அடுத்தடுத்த மாதங்களில் இரு வகைகளையும் படித்ததனால்தான், உயிர் பெற்ற உருவம் கண் திறக்கும் அந்த ஒரே காட்சி, ஒரு கதையில் வினாவாகவும் மற்றொரு கதையில் அச்சமாகவும் கிளை பிரிவதை என்னால் காண முடிந்தது. இத்திட்டத்தில் உங்களுக்கு மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.

ஆழ்கிணறு

மறுப்பு இருக்கிறது. நீங்கள் செய்வது சுற்றுலா. அதைக் குடியிருப்பு என்று தவறாக எண்ணிவிட வேண்டாம்.

நான் முப்பது ஆண்டுகளாகத் துப்பறியும் கதைகளை மட்டுமே தொடர்ந்து படிப்பவன். அந்த வகை எழுதுபவருக்கும் வாசிப்பவருக்கும் இடையிலான ஓர் ஒப்பந்தம். 1929இல் ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்டு நாக்ஸ் அதற்குப் பத்து விதிகளை எழுதியே வைத்தார்: குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே வந்திருக்க வேண்டும், துப்பறிபவர் கண்ட தடயம் வாசகரின் கண்ணுக்கும் உடனே காட்டப்பட வேண்டும், துப்பறிபவரே குற்றவாளியாக இருக்கக் கூடாது என்பவை போல. இந்த விதிகளைப் படித்து மனப்பாடம் செய்வதில் பயன் இல்லை. இருபது, முப்பது கதைகளில் ஏமாந்து, ஐந்தாறில் எழுத்தாளரை முந்திக்கொண்டு கண்டுபிடித்து, அப்படியே அவை உடம்பில் ஊறியிருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு தேர்ந்த எழுத்தாளர் அவற்றில் ஒன்றை மீறும்போது காலடியில் தரை நழுவும். அந்த விதிகள் ஏட்டில் ஏறும் முன்பே, 1926இல், அகதா கிறிஸ்டி எழுதிய ஒரு நாவல் அப்படிப்பட்டது. எது என்று சொன்னாலே படிக்காதவருக்குப் பாதி கெட்டுவிடும் என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். அதை உங்கள் ‘துப்பறியும் மாதத்தின்’ ஒரே நூலாக நீங்கள் எடுத்திருந்தால், “நல்ல திருப்பம்” என்று சொல்லி மூடிவைத்திருப்பீர்கள். எந்த விதி மீறப்பட்டது என்பதே உங்களுக்குத் தெரிந்திருக்காது.

குழந்தைப் பாடல்களைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை. வளர்ந்தவர் தம் வாசிப்புக் கணக்கில் அவற்றைச் சேர்ப்பது எண்ணிக்கையைக் கூட்ட உதவும் என்பதற்கு மேல் எனக்குத் தோன்றவில்லை.

நூலேணி

விதி மீறலைப் பற்றி நீங்கள் சொல்வது சரியே. அந்த நாவலை நான் படித்ததும் நீங்கள் ஊகித்தபடிதான் நடந்தது. ஆயினும், எந்தக் கிணற்றைத் தோண்டுவது என்று முடிவு செய்யவாவது முதலில் நாலு இடத்தில் மண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டாமா? நீங்கள் துப்பறியும் கதையைத் தேர்ந்தீர்களா, அல்லது சிறு வயதில் கைக்கு முதலில் கிடைத்தது அதுதானா?

பகல்நிலவு

எனக்கு இருவர்மீதும் வருத்தம் உண்டு. ஒருவர் குழந்தைப் பாடலை ஆண்டின் கடைசி மாதத்தில், ஏறக்குறைய ஓய்வு நாளாக வைத்திருக்கிறார். மற்றவர் அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

எல்லோருக்கும் தெரிந்த அந்த நிலாப் பாட்டையே எடுத்துக்கொள்கிறேன். யார் இயற்றியது என்று தெரியாமல் வாய்வழியாக வந்தது. அதன் வினைகளை மட்டும் பிரித்தெடுத்து ஒருமுறை பாருங்கள்: ஓடி வா, நில்லாமல் ஓடி வா, ஏறி வா, கொண்டு வா. வினைமுற்று எப்போதும் ‘வா’தான்; அதற்கு முன்னால் நிற்கும் வினையெச்சம்தான் மாறிக்கொண்டே இருக்கிறது. ‘ஓடி’, ‘ஏறி’ என்று இகரத்தில் முடிபவை இரண்டு, ‘கொண்டு’ என்று உகரத்தில் முடிவது ஒன்று, ‘நில்லாமல்’ என்று எதிர்மறை ஒன்று. வினையெச்சம் என்ற சொல்லைக் கேட்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே குழந்தை அதன் வாய்பாட்டைப் பாடி முடித்துவிடுகிறது. இன்னொன்று, ‘நிலா’ என்ற சொல்லில் ஒரு லகர ஒற்றைச் சேர்த்தால் ‘நில்லா’. வானத்தில் நிற்காமல் நகரும் ஒன்றை அழைப்பதற்கு அதன் பெயரிலிருந்தே மறுப்பை உருவாக்கிக்கொண்ட பாட்டு அது. இந்த நான்கு அடிகளில் இருக்கும் செறிவு எத்தனை நாவல்களின் முதல் அத்தியாயத்தில் இருக்கிறது?

இதை நான் கண்ணால் படித்துக் கண்டுகொள்ளவில்லை. என் மகளுக்கு இரவில் நூறு முறை பாடியபோது, ஒரு நாள் அவளே “நிலா, நில்லா” என்று இரண்டையும் ஒட்டிச் சொல்லிச் சிரித்தாள். ஆகவே நூலேணி அவர்களுக்கு என் மறுப்பு இது: குழந்தைப் பாடலை ‘ஒரு மாதம்’ என்று ஒதுக்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினால் உங்களுக்கு எதுவும் கிடைக்காது. அது நாளுக்கு ஒன்றாக, உரக்க, ஆண்டு முழுவதும் படிக்க வேண்டியது.

ஆழ்கிணறு

நிலாப் பாட்டைப் பற்றிய உங்கள் விளக்கம் என்னை அசைத்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதுவே உங்கள் பக்கத்தின் வலுவைக் குறைக்கிறது என்பதையும் கவனியுங்கள். ‘நிலா, நில்லா’ என்பதை எந்த மொழிக்கும் கொண்டுபோக முடியாது. துப்பறியும் கதையோ, அறிவியல் புனைவோ மொழிபெயர்ப்பில் கொஞ்சம் நிறம் மங்கினாலும் நடக்கும். குழந்தைப் பாடல் நடக்காது. சுகுமார் ராயின் ‘ஆபோல் தாபோல்’ என்ற வங்காளப் பாடல் தொகுப்பைப் பலரும் புகழ்வதைக் கேட்டு, ஒரு மொழிபெயர்ப்பைப் படித்துப் பார்த்தேன். விலங்குகளை ஒட்டிச் செய்த சில விசித்திர உருவங்கள் இருந்தன. சிரிப்பு வரவில்லை. ‘பல்வகை நூல்களைக் கண்டடைதல்’ என்னும் இந்தப் பேச்சில், தன் மொழியின் வேலியைத் தாண்ட முடியாத ஒரு வகைக்கு இடம் எங்கே?

மூன்றாம்பதிப்பு

நூலகத்தில் நூற்பட்டியல் தயாரிக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால், இந்த விவாதத்தில் யாரும் தொடாத ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. நீங்கள் எல்லோரும் வகையை நூலின் இயல்பாகக் கருதிப் பேசுகிறீர்கள். பெரும்பாலும் அது அலமாரியின் இயல்பு.

நூலகங்களில் நூல்களுக்கு எண் கொடுத்து அடுக்குவதற்காக 1876இல் டூயி வெளியிட்ட பதின்மப் பகுப்பில் ஆங்கிலக் கவிதைக்கு எண் 821, ஆங்கிலப் புனைகதைக்கு எண் 823. முதலில் மொழி, அடுத்து இலக்கிய வடிவம், அதற்குப் பின்னர்தான் ஆசிரியர். 1933இல் வெளிவந்த, இந்திய நூலகவியலாளர் ரங்கநாதனின் கோலன் பகுப்பு முறையும் இலக்கியத்தில் வடிவத்தை ஆசிரியருக்கு முன்னால்தான் வைக்கிறது. இதன் விளைவைப் பாருங்கள். ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் என்ற ஒரே மனிதர் 1883இல் புதையல் தேடும் கடற்சாகச நாவலையும், 1885இல் குழந்தைகளுக்கான பாடல் தொகுப்பையும், 1886இல் ஜெக்கில், ஹைடு என்ற இரட்டை மனிதனின் திகில் கதையையும் நூல்களாக வெளியிட்டார். நான்கு ஆண்டுகளுக்குள் மூன்று வகைகள். அலமாரியில் பாடல் தொகுப்பு 821க்கும், மற்ற இரண்டும் 823க்கும் போய்விடும். பல நூலகங்களில் குழந்தைகள் பகுதி தனி அறையிலேயே இருக்கும். அவற்றை மீண்டும் ஒன்று சேர்ப்பது பட்டியலில் உள்ள ஆசிரியர் பதிவு மட்டுமே. அலமாரியை நம்பி நடப்பவர் வகையைக் காண்பார். ஆசிரியர் பதிவைப் புரட்டுபவர் மனிதரைக் காண்பார்.

நம்மிடமும் அப்படித்தான். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையைப் பசுவும் கன்றும் பாடிய குழந்தைக் கவிஞராக மட்டுமே அறிந்தவர்கள் ஏராளம். சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் மருமக்கள் வழி மரபைக் கிண்டல் செய்த மான்மியமும், உமர் கய்யாமின் தமிழாக்கமும், புத்தர் வரலாற்றைப் பாடும் ‘ஆசிய ஜோதி’யும் அவருடையவையே. குழந்தைப் பாடலின் வழியாக அவரிடம் நுழைந்தவர் அங்கிருந்து அங்கதத்துக்கும், பாரசீகத்துக்கும், காவியத்துக்கும் போக முடியும். எந்த மாதத் திட்டமும் அதைச் செய்து தராது.

ஆசிரியருக்கு அடுத்தபடியாக நான் நம்பும் வழிகாட்டி மொழிபெயர்ப்பாளர். க.நா.சுப்ரமண்யம் தமிழாக்கிய ‘மதகுரு’வைப் படித்துவிட்டு, அதன் மூல ஆசிரியரான ஸ்வீடனின் செல்மா லாகர்லெவ் வேறென்ன எழுதியிருக்கிறார் என்று தேடினேன். 1909இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண்மணியான அவர், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, பள்ளிக் குழந்தைகள் தம் நாட்டின் புவியியலைப் படிப்பதற்காக, வாத்தின் முதுகில் பறக்கும் குட்டிப் பையனின் கதையை எழுதியிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

ஆழ்கிணறு அவர்கள் எடுத்த சுகுமார் ராய் அவருடைய வாதத்துக்கே எதிரான சான்று. சுகுமாரின் தந்தை உபேந்திரகிஷோர் 1913இல் ‘சந்தேஷ்’ என்ற குழந்தைகள் இதழைத் தொடங்கினார். சுகுமார் 1923இல் மறைந்த சில நாள்களில் அந்தப் பாடல் தொகுப்பு நூலாக வெளிவந்தது. அவருடைய மகன் சத்யஜித் ராய் 1961இல் அந்த இதழுக்கு மீண்டும் உயிர் கொடுத்தார். அறிவியல் புனைவு நாயகரான பேராசிரியர் ஷொங்கு அதே ஆண்டில், அதே குழந்தைகள் இதழில் பிறந்தார். 1965இல் துப்பறியும் ஃபெலுதாவும் அங்கேதான் வந்தார். முப்பது ஆண்டுகளாகத் துப்பறியும் கதை படித்தவர் ஃபெலுதாவை அறியாமல் இருக்க மாட்டார். அவர் பிறந்த வீடு குழந்தைப் பாடலின் வீடு.

ஆழ்கிணறு

ஃபெலுதா கதைகளைப் படித்திருக்கிறேன். அவை சிறுவர் இதழில் வந்தவை என்பதும் தெரியும்; பாடல் தொகுப்பை எழுதியவரின் மகனே அவற்றை எழுதினார் என்பதை இந்தக் கோணத்தில் நினைத்துப் பார்த்ததில்லை. ஆசிரியர் பதிவைப் புரட்டும் உங்கள் வழியை ஏற்கிறேன், ஏனெனில் அது ஆழமாகத் தோண்டும் என் வழக்கத்துக்கு உறவானது. ஒரு நூலிலிருந்து மற்றொன்றுக்கு ஒரு காரணத்தோடு போகிறீர்கள்; நாள்காட்டி துரத்துவதால் போகவில்லை.

ஆனால் மொழிபெயர்ப்பைப் பற்றிய என் கேள்விக்கு நீங்கள் விடை சொல்லவில்லை. ஃபெலுதா தமிழில் நடமாடுகிறார். அவருடைய தந்தையின் தந்தை என்று சொல்லத்தக்க அந்தப் பாடல்கள் நடமாடவில்லை.

பகல்நிலவு

அந்த விசித்திர உருவங்கள் எப்படிச் செய்யப்பட்டவை என்று பார்த்தால் விடை கிடைக்கும். வங்காளத்தில் கொக்கு ‘பக்’, ஆமை ‘கச்சப்’. முதற்சொல் முடியும் ககரத்தில் இரண்டாம் சொல் தொடங்குகிறது. அந்த ஒலியைக் கீலாக வைத்து இரண்டையும் மாட்டினால் ‘பகச்சப்’. மொழிபெயர்ப்பாளர் இதைக் ‘கொக்கு ஆமை’ என்று எழுதினால் கீல் கழன்றுவிடும். உங்களுக்குச் சிரிப்பு வராமல் போனதில் வியப்பில்லை. விலங்கை விட்டுவிட்டுக் கீலை மொழிபெயர்க்க வேண்டும். தமிழில் கொக்கும் குதிரையும் சேர்ந்தால் ‘கொக்குதிரை’. வங்காள மூலத்தில் அப்படி ஒரு விலங்கு இல்லை, ஆயினும் இதுதான் சரியான மொழிபெயர்ப்பு என்பேன். வேலியைத் தாண்டிப் போவது பாடல் அல்ல, பாடல் செய்யும் முறை.

நூலேணி

என் அட்டவணையில் பன்னிரண்டாவது மாதத்தை அடித்துவிட்டேன். அந்தப் பாடல்களை இன்றிரவிலிருந்து நாளுக்கு ஒன்றாக உரக்கப் படிக்கப் போகிறேன். கேட்பதற்கு வீட்டில் குழந்தை இல்லை, சுவர் இருக்கிறது. எஞ்சிய நான்கு மாதங்களை வகைகளின் பெயரால் நிரப்பாமல், ஏழு மாதங்களில் எனக்குப் பிடித்துப்போன இரண்டு ஆசிரியர்களின் மற்ற நூல்களால் நிரப்புகிறேன். ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன்: அந்த ஏழு மாதச் சுற்றுலா இல்லாமல் அந்த இருவரை நான் சந்தித்திருக்கவே முடியாது. ஆழ்கிணறு அவர்கள் என் முதல் கேள்விக்கு இன்னும் விடை சொல்லவில்லை.

ஆழ்கிணறு

சிறு வயதில் கைக்கு முதலில் கிடைத்தது அதுதான். அட்டை கிழிந்த நூல். கடைசிப் பக்கமும் இல்லை. குற்றவாளி யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பகல்நிலவு

கொக்குதிரையைப் பற்றி மகளிடம் சொன்னேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, எருமையையும் மைனாவையும் சேர்த்து ‘எருமைனா’ என்றாள். அது பறக்குமா என்று கேட்டதற்கு, மரக்கிளை தாங்காது என்பதால் தரையிலேயே உட்கார்ந்து பாடும் என்கிறாள். மூன்றாம்பதிப்பு அவர்களே, இதற்கு எந்த எண்ணைக் கொடுப்பீர்கள்?