சிவில் முடிச்சவர் எம்.ஆர்க் செய்தால் ஆர்க்கிடெக்ட் ஆகலாமோ?

அறிவியல்நகர்:
யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில சிவில் முடிஞ்சுது. ஆர்க்கிடெக்ட் ஆக வேணும். 2 வருச எம்.ஆர்க் (கட்டடக்கலை முதுமாணி) போதுமோ, இல்லாட்டி அடியில இருந்து தொடங்க வேணுமோ? இந்தியா கிட்ட எண்டு வீட்டில சொல்லினம். போர்ட்போலியோவும் (சொந்த வேலைத் தொகுப்பு) கேட்கினம், என்னட்ட கம்பி, பீம் டிரோயிங் மட்டும்தான் கிடக்கு.

தலைவாசல்:
இந்தியா சரிவராது தம்பி. அங்க 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆர்க்கிடெக்டாப் பதிய அடிப்படை 5 வருச பி.ஆர்க் (கட்டடக்கலை இளமாணி). எம்.ஆர்க் அதுக்கு மேல நகர வடிவமைப்பு, மரபுரிமைப் பாதுகாப்பு மாதிரிச் சிறப்புப் படிப்பு.

இங்கிலாந்தில ஆர்க்கிடெக்ட் ஆகிற வழமையான பாதை மூண்டு பகுதி, எம்.ஆர்க் எண்டால் பெரும்பாலும் அதில இரண்டாம் பகுதி. முதல் பகுதி வழமையா 3 வருசக் கட்டடக்கலைப் பட்டம், சிவில் பட்டம் அதுக்கு ஈடில்லை. அலுவலகப் பயிற்சியும் மூன்றாம் பகுதிப் பரீட்சையும் வேற இருக்கு.

வேற துறைப் பட்டதாரிக்கெண்டே பாதை உள்ளது அமெரிக்காவில: 3 அல்லது 3½ வருச எம்.ஆர்க். செலவு தலைக்கு மேல போகும். விண்ணப்பிக்க முதல் அது என்ஏஏபி (அங்கத்தக் கட்டடக்கலைப் பட்டங்களை அங்கீகரிக்கிற சபை) அங்கீகாரம் பெற்றதோ எண்டு பாருங்கோ. ‘எம்.எஸ். இன் ஆர்க்கிடெக்சர்’ ஆய்வுப் பட்டம், அந்த அங்கீகாரம் அதுக்கு இல்லை. கனபேர் சறுக்கிறது இதிலதான்.

மொறட்டுவப் பல்கலைக்கழகத்தின்ர 5 வருசப் படிப்புக்கு ஏ.எல். புள்ளியோட உளச்சார்புப் பரீட்சை. உங்களுக்கு அந்தக் கதவு பூட்டு. கொழும்பில இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவகத்தின்ர கட்டடக்கலைக் கல்லூரியான சிற்றி ஸ்கூலில விசாரியுங்கோ. எங்க படிச்சாலும் இஞ்ச தொழில் செய்ய அந்த நிறுவகத்தின்ர மூன்றாம் பகுதிப் பரீட்சையும் கட்டடக் கலைஞர் பதிவுச் சபையில பதிவும் வேணும். வெளிநாட்டுப் பட்டத்தை ஏற்பினமோ எண்டு காசு கட்ட முதல் எழுத்தில கேட்டு எடுங்கோ.

சுண்ணாம்புக்கல்:
போர்ட்போலியோவுக்குக் கம்பி டிரோயிங்கை ஒரு பக்கத்துக்கு மேல போடாதேங்கோ. யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு பொருள் இல்லையெண்டு சொல்லக்கூடாது. உரிமையாளரிட்டக் கேட்டு ஒரு நாற்சார் வீட்டை (நடுவில முற்றம், நாலு பக்கமும் கட்டடம்) அளவெடுங்கோ.

ஒரு பூச்சியப் புள்ளியில இருந்து நாடாவைத் தொடர்ந்து வாசியுங்கோ. துண்டு துண்டா அளந்து கூட்டினால் பிழையும் கூடிக்கொண்டு போகும். பழைய சுவர் மூலைமட்டத்துக்கு நிக்காது, அதால ஒவ்வொரு அறைக்கும் இரண்டு மூலைவிட்டமும் எடுக்க வேணும். நாலு பக்க அளவை மட்டும் வைச்சு மூலையைச் சதுரமெண்டு கீறினால் பிளான் கடைசியில பூட்டுப்படாது. திண்ணை, முற்றம், உள்நிலம் மூண்டின்ர உயர வித்தியாசத்துக்குத் தண்ணி நிரப்பின குழாய் போதும். சுவர்த் தடிப்பைக் கதவு நிலையில பாருங்கோ.

பிளான் 1:100, முற்றத்தை வெட்டிற செக்ஷன் 1:50, ஓடும் பீலியும் சேர்ற இடம் 1:20. நாலு கூரைத் தண்ணியும் எங்க விழுந்து எங்கால வெளியேறுது எண்டு செக்ஷனில தெரியாட்டி அது வெறும் படம்.

அறிவியல்நகர்:
நன்றி அண்ணை. அளவெடுத்தது மட்டும் காணுமோ?

சுண்ணாம்புக்கல்:
காணாது. அது கவனிப்பைத்தான் காட்டும். 2 பரப்பு (யாழ்ப்பாணத்துக் காணி அளவு) காணியில சின்ன வீடொண்டு வடிவமையுங்கோ. விட்டெறிஞ்ச ஸ்கெட்ச், மட்டையில வெட்டின மொடல் படம் எல்லாம் சேருங்கோ. 3டி ரெண்டர் (கணினியில எடுத்த படம்) ஒண்டு காணும். பளபளப்பை ஆரும் மென்பொருளில எடுக்கலாம், ஏன் அந்த ஜன்னல் அங்க எண்டுதான் நேர்முகத்தில கேட்பினம். பக்க எண்ணிக்கை, கோப்பு அளவு ஒவ்வொரு இடத்துக்கும் வேற. குழு வேலையெண்டால் உங்கட பங்கு எது எண்டு அந்தப் பக்கத்திலயே எழுதுங்கோ.