கோவையைச் சுற்றி சைட் வாங்க நினைக்கும் புதிதாக வெளிநாடு வந்தவர்களுக்கு

வந்து ஆறு மாதம், ஒரு வருடம் ஆன தம்பி தங்கைகள் பலர், ஊரில் சைட் (வீட்டுமனை) வாங்கலாமா, எதைப் பார்த்து வாங்குவது என்றே கேட்கிறீர்கள். வீட்டில் அப்பாவோ மாமனாரோ போனில் ஆரம்பித்திருப்பார்: "சத்தி ரோட்டுல விலை ஏறிட்டே போகுது கண்ணு, இப்பவே அஞ்சு சென்ட் வாங்கிப் போட்டுரு." அவர்கள் சொல்வதில் தப்பில்லை. சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கம் ஐ.டி. கம்பெனிகள் வந்த பிறகு கோவில்பாளையம், அன்னூர் வரை வீடுகள் நீண்டுகொண்டே போகின்றன.

நான் அன்னூர்ப் பக்கம். 2013-ல் மெல்போர்ன் வந்தேன். நான்கு வருடம் கழித்து, கோவில்பாளையம் தாண்டி ஒரு லேஅவுட்டில் சைட் வாங்கினேன். அப்ரூவல், பட்டா, வில்லங்கம் எல்லாம் சுத்தம். வக்கீலும் சரி என்றார். புரோக்கர் வீடியோ காலில் சைட்டைச் சுற்றிக் காட்டினார். மாசி மாதம், தரை காய்ந்து தட்டையாகக் கிடந்தது. அந்த வருடம் ஐப்பசியில் அப்பா போய்ப் பார்த்தபோது, நாங்கள் நட்ட கல் நான்கில் இரண்டு தண்ணீருக்குள் இருந்தன. லேஅவுட்டின் கிழக்கு ஓரம் ஒரு பள்ளம், அதாவது மழைக்கு மட்டும் ஓடும் ஓடை. பல வருடம் தண்ணீரே ஓடாததால் முள் மண்டி, வெறும் குழி போலத் தெரிந்திருக்கிறது. கிராவல் அடித்து மேடாக்க ஆன செலவை இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் "அங்க தண்ணி நிக்குமுங்க" என்று சொல்லியிருப்பார். யாரும் அவரிடம் கேட்கவில்லை.

அதனால் நான் முதலில் சொல்வது இதுதான். இடத்தை இரண்டு தடவை பாருங்கள்: ஐப்பசி மழையில் ஒரு தடவை, சித்திரை வெயிலில் ஒரு தடவை. உங்களால் வர முடியாது என்றால் அப்பா, அம்மா, மச்சான், யாராவது போகட்டும். மழையில் பள்ளம் தெரியும், வெயிலில் தண்ணீர்க் கஷ்டம் தெரியும். இந்த இரண்டும் எந்தப் பத்திரத்திலும் இருக்காது. புல வரைபடத்தை அரசு இணையதளத்திலேயே எடுக்கலாம். அதில் ஓடை, வாய்க்கால் கோடு போட்டிருந்தால், இன்று அது காய்ந்து கிடந்தாலும் ஓடை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் பள்ளங்கள் பத்து வருடம் தூங்கி ஒரே ராத்திரியில் எழுந்துகொள்ளும்.

தண்ணீரைப் பற்றி இன்னும் கொஞ்சம். மாநகராட்சி எல்லைக்குள்ளா, ஊராட்சியா என்று கேட்பது முக்கியம். 2011-ல் சரவணம்பட்டி, துடியலூர், விளாங்குறிச்சி எல்லாம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டன. அதற்கு வெளியே கதை வேறு. எல்லாருக்கும் சிறுவாணித் தண்ணீர் வராது. நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை விடுகிறார்கள், போர்வெல்லில் வருவது உப்பா, எத்தனை அடி ஆழம் என்பதை அந்த வீதியில் குடியிருக்கும் ஒரு அம்மாவிடம் கேட்டால் உண்மையான பதில் கிடைக்கும். புரோக்கர்கள் இப்போது அத்திக்கடவு – அவிநாசித் திட்டத்தைச் சொல்லி விற்கிறார்கள். அறுபது வருடத்துக்கும் மேலாக நம் பெரியவர்கள் கேட்டுப் போராடிய திட்டம் அது. 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கி வைத்தார்கள். பவானியின் உபரித் தண்ணீர் 1.5 டி.எம்.சி.யை எடுத்து ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகிறது. எனக்கும் அதில் பெரிய சந்தோஷம். ஆனால் அது குளத்தை நிரப்பி நிலத்தடி நீரை ஏற்றும் திட்டம், வீட்டுக் குழாய்த் திட்டம் இல்லை. உங்கள் சைட்டுக்குப் பக்கத்துக் குளம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் நல்லது.

அடுத்தது தடம், அதாவது இடத்துக்குப் போகும் வழி. லேஅவுட்டில் இல்லாமல், தனியார் ஒருவரிடம் பழைய இடம் வாங்குகிறீர்கள் என்றால் இதை மறக்கவே கூடாது. பத்திரத்தில் "மாமூல் வண்டித்தடப் பாத்தியம் உள்பட" (வழக்கமாக வண்டி போய்வரும் உரிமையோடு) என்று எழுதியிருக்கும். அந்தத் தடம் எந்த சர்வே எண் வழியாக, எத்தனை அடி அகலத்தில் போகிறது என்று எழுதியிருக்கிறதா? என் மச்சான் வாங்கிய இடத்துக்கு வேலிகளுக்கு நடுவே மாட்டுவண்டி போகும் அளவு இட்டேரிதான் வழி. கம்பி ஏற்றிய லாரி திரும்ப முடியவில்லை. தோட்டத்துக்காரர் "எங்க அப்பாரு காலத்துல நடந்து போறதுக்குத்தான் விட்டது" என்றார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. பேசி முடிக்க இரண்டு வருடம் ஆனது.

இப்போது எந்தப் பக்கம் வாங்குவது என்பது. யார் அங்கே குடியிருக்கப் போகிறார்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். வாடகைக்கு விட என்றால், அங்கிருந்து தினமும் வேலைக்குப் போகிறவருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதே கணக்கு. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு யாரையாவது வண்டியில் சைட்டிலிருந்து கம்பெனி வாசல் வரை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். விளம்பரத்தில் போடும் "15 நிமிடம்" விடியற்காலைக் கணக்கு. அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை பத்து கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்த பிறகு நீலாம்பூர், சூலூர் பக்கம் நிலைமை மாறியிருக்கிறது. சத்தி ரோட்டுக்கு அப்படி எதுவும் இன்னும் இல்லை. பெற்றோருக்கு என்றால் எனக்குப் பிடித்தது ரயில் பாதை ஊர்கள். மேட்டுப்பாளையம் லைனில் பெரியநாயக்கன்பாளையம், காரமடை. பொள்ளாச்சி லைனில் கிணத்துக்கடவு. அம்மாவால் யாரையும் எதிர்பார்க்காமல் ஊருக்குள் போய் ஆஸ்பத்திரி பார்த்துவிட்டுத் திரும்ப முடியும். அந்தச் சுதந்திரம் பெரிய விஷயம்.

ஒரு எச்சரிக்கை. காரமடை, தடாகம், தொண்டாமுத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் "வியூ" காட்டி விற்கும் இடங்களுக்குப் போகாதீர்கள். பல கிராமங்களில் ஹாகா (மலையிடப் பாதுகாப்புக் குழுமம்) அனுமதி இல்லாமல் கட்ட முடியாது. அதோடு அது யானை நடக்கிற இடம்.

சட்டத்துக்கு வருகிறேன். வேலைக்காக வெளிநாடு போனவுடனே அந்நியச் செலாவணிச் சட்டப்படி நீங்கள் என்.ஆர்.ஐ. வருமான வரிக்குப் பார்க்கும் நாள் கணக்கு இதற்குக் கிடையாது. வீடு, வீட்டுமனை, கடை வாங்கலாம். காடு (நம் பக்கம் மானாவாரி விவசாய நிலத்தைச் சொல்வது), தோட்டம், ஃபார்ம் ஹவுஸ் வாங்கக் கூடாது. "ஃபார்ம் பிளாட், 25 சென்ட், தென்னை வைத்துத் தருகிறோம்" என்று வாட்ஸ்அப்பில் வருவது இந்தக் கணக்கில்தான் சேரும். போகும் முன்பே உங்கள் பெயரில் இருந்த காடு உங்களுடையதே. அப்பாவுக்குப் பின் வாரிசாகவோ உயில் மூலமாகவோ தோட்டம் வந்தாலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்பா உயிரோடு இருக்கும்போது தோட்டத்தை உங்களுக்கு தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுப்பதை அந்தச் சட்டம் ஏற்காது. நம் வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது, அதனால்தான் சொல்கிறேன்.

பணம் உங்கள் என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்தோ (வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான வங்கிக் கணக்குகள்), வெளிநாட்டிலிருந்து நேராக வங்கி வழியாகவோ போக வேண்டும். பழைய சேமிப்புக் கணக்கை இன்னும் என்.ஆர்.ஓ. ஆக மாற்றவில்லை என்றால் இந்த வாரமே மாற்றுங்கள். "பாதி வெள்ளை, பாதி ரொக்கம்" என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நிலத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறுவதே வருமான வரிச் சட்டத்தில் தடை செய்யப்பட்டது. அதோடு நாளை விற்கும்போது குறைத்துக் காட்டிய விலையை வைத்துத்தான் உங்கள் லாபத்தைக் கணக்கிடுவார்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக விலைக்கு மேல் ஒன்பது சதவீதம் எடுத்து வையுங்கள். இதைக் கணக்கில் சேர்க்காமல் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத் திண்டாடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காகிதங்களில் எல்லாரும் சொல்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அப்ரூவல் எண். லேஅவுட் 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண். வில்லங்கச் சான்று குறைந்தது 30 வருடத்துக்கு. அப்ரூவல் இல்லாத மனை என்றால், 2016 அக்டோபர் 20 வரை பதிவான மனைகளுக்கு வந்த வரன்முறைத் திட்டத்தில் அந்த மனையும் சேர்ந்ததா என்று ஆணையைக் கையில் வாங்கிப் பாருங்கள். கோயில் நிலமா, பஞ்சமியா (ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அரசு ஒதுக்கிய நிலம்), பூதானமா (வினோபா இயக்கத்துக்குத் தானமாக வந்த நிலம்) என்பதையும் வக்கீலிடம் தனியாகக் கேளுங்கள்.

ஆனால் நம் பக்கம் சிக்கல் வருவது பெரும்பாலும் மூலப் பத்திரத்தில்தான். லேஅவுட் போட்ட பூமி ஒரு காலத்தில் அண்ணன் தம்பி பங்காளிகள் பாகம் பிரித்ததாக இருக்கும். வீட்டுப் பெண்களின் கையெழுத்து அதில் இருக்கிறதா? "கல்யாணத்துக்கு நகை போட்டுச் சீர் செஞ்சு அனுப்பிட்டோம்" என்பார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. தமிழ்நாடு 1989-லேயே, அதற்கு முன் கல்யாணம் ஆகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்தது. 2005-ல் மத்தியச் சட்டமும் வந்தது. ஒரு அத்தையின் பெயர் விட்டுப்போயிருந்தால், அவரோ அவர் பிள்ளைகளோ நாளைக்குக் கேட்கலாம், கேட்பதில் தப்பும் இல்லை. விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுத்ததாக) எழுதியிருக்கிறதா என்று ஒவ்வொரு பெயராகச் சரிபார்க்கச் சொல்லுங்கள். வாரிசு சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்த்தால் விட்டுப்போன பெயர் தெரிந்துவிடும்.

கீழே கமென்ட்டில் கேட்டவர்களுக்கு.

அப்பா பெயரிலேயே வாங்கிவிடலாமா என்று கேட்ட தம்பிக்கு: வாங்கலாம், அப்பாவுக்குக் கொடுப்பதாக மனதார நினைத்தால். பணத்தை அன்பளிப்பாக அப்பா கணக்குக்கு அனுப்பி, அவர் வாங்கட்டும். ஆனால் அது அவர் சொத்து. உயில் இல்லை என்றால் பின்னால் அம்மாவுக்கும் அக்காவுக்கும் அதில் சம பங்கு உண்டு. "பேர் அப்பாது, இடம் என்னுது" என்று நீங்கள் மனதுக்குள் வைத்துக்கொண்டால் அக்காவோடு உறவு கெடும், பினாமிச் சட்டத்திலும் போய் முட்டும்.

அண்ணனுக்குப் பவர் பத்திரம் (நமக்குப் பதில் கையெழுத்துப் போடும் அதிகாரம்) கொடுக்கலாமா என்று கேட்ட துபாய் தங்கைக்கு: பொதுப் பவர் கொடுக்காதீர்கள், அண்ணனாகவே இருந்தாலும். இந்த சர்வே எண், இந்த சைட், வாங்குவதற்கு மட்டும் என்று தனிப் பவர் எழுதுங்கள். அங்கே நம் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அத்தாட்சி வாங்கி அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். அண்ணன் முன்கூட்டியே பத்திர ஆபீஸில் ஒரு நடை போய் எந்த வடிவில் வேண்டும் என்று கேட்டு வரட்டும்.

அட்வான்ஸ் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது, மூன்று மாத டைம் என்று எழுதியிருக்கும் நண்பருக்கு: முதலில் அந்த ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் முத்திரைத்தாளில் கையெழுத்து என்றால் பதிவு செய்யச் சொல்லுங்கள், அதற்கு அவர்கள் தயங்கினாலே உங்களுக்குப் பதில் கிடைத்துவிடும். இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா சைட்டுக்குப் போகட்டும். புரோக்கர் வண்டியில் வேண்டாம், பஸ்ஸில் போய் இறங்கி நடந்து போகட்டும். அந்த வீதி முனையில் டீக்கடை இருந்தால் அங்கே கொஞ்ச நேரம் உட்காரட்டும். கிரயம் முடிந்து பதினைந்து நாளில் வில்லங்கத்தை மறுபடி எடுத்து உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கூட்டுப் பட்டாவில் நிற்காமல் உட்பிரிவு செய்து தனிப் பட்டா வரும் வரை சர்வேயரை விடாதீர்கள். எனக்கு அது எட்டு மாதம் ஆனது.