கொல்லம் ஆண்டும் குறள் எண்ணும்: தபால் புதிர் அவிழ்த்தவர்களின் அனுபவங்கள்

வடசேரி

தபாலில் புதிர் விளையாட்டு என்றால் பலரும் பழைய குறுக்கெழுத்துப் போட்டியை நினைத்துக்கொள்கிறார்கள். இது வேறு. ஓர் உறை வரும். உள்ளே ஒரு கடிதம், எண்கள் எழுதிய தாள், சில நேரம் ஒன்றும் எழுதாத வெற்றுத்தாள். ஒன்றை அவிழ்த்தால்தான் அடுத்ததற்குச் சாவி கிடைக்கும். அமெரிக்காவில் 2016-இல் தொடங்கிய ஹன்ட் எ கில்லர் இதைப் பெட்டி பெட்டியாக மாதாமாதம் அனுப்பியது. பெங்களூரில் இருக்கும் தங்கை மகன் அந்த மாதிரிப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். நல்ல வேலைப்பாடுதான். ஆனால் கதை நடக்கும் ஊர் நமக்குத் தெரியாது, துணுக்குச் செய்திகளில் உள்ள கிண்டலும் பிடிபடாது. அப்புறம்தான் குமரி மாவட்டத்துக்குள்ளேயே வடசேரி, தக்கலை, குளச்சல், மார்த்தாண்டம் என்று ஊருக்கு ஒருவராகச் சிலர் சேர்ந்து, மாறி மாறி உறை தயாரித்து அனுப்பிக்கொள்ள ஆரம்பித்தோம்.

கடைசியாகச் சுற்றுக்கு வந்தது தக்கலை அண்ணன் தயாரித்தது. எல்லோரும் முடித்துவிட்டதால் இனி வெளிப்படையாகவே எழுதலாம்.

முதல் அடுக்கு உறையின் வெளியிலேயே இருந்தது. அனுப்புநர் முகவரியில் ஊர் தக்கலை, ஆனால் பின்கோடு 629251. தக்கலைக்கு 629175; அந்த 629251 குளச்சலுடையது. இதை முதலில் சொன்னது எங்கள் தபால்காரர். "சார், தக்கலைன்னு எழுதிட்டு குளச்சல் நம்பர் போட்டிருக்காங்க, பாத்தேளா?" என்று கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். நாள் முழுக்க அந்த எண்களையே பார்க்கிறவர் கண்ணுக்குத் தப்புமா? இதில் அண்ணனைப் பாராட்ட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: பெறுநர் முகவரியில் அவர் கை வைக்கவில்லை. அங்கே விளையாடியிருந்தால் உறை ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

உள்ளே கடிதத்தின் தலைப்பில் '916 ஆடி' என்று மட்டும் தேதி. நம் பக்கத்துப் பழைய ஆவணம் பார்த்தவர்களுக்கு அது திருவிதாங்கூர் காலத்தில் வழங்கிய கொல்லம் ஆண்டு என்று உடனே தெரியும். குளச்சலும் 916 ஆடியும் சேர்ந்தால், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களை வென்ற 1741 ஆகஸ்ட். சரி, 1741 என்ற எண்ணை வைத்து என்ன செய்வது?

கடிதத்தின் கடைசி வரி இது: "மீரவ் யண்ருவ்".

இந்த இடத்தில் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், தமிழில் மறையெழுத்து அவிழ்ப்பதைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை. ஆங்கிலத்தில் எந்த எழுத்து அதிகம் வருகிறது என்று எண்ணி உடைப்பார்கள். தமிழுக்கு அதைவிட நல்ல ஆயுதம் இலக்கணம். பதினெட்டு மெய்யை க ங ச ஞ என்ற வரிசையில் வைத்து, உயிர்க்குறியைத் தொடாமல், மெய்யை மட்டும் இத்தனை இடம் தள்ளுவதுதான் எங்கள் வழக்கமான முறை. ஒரே எண்ணால் தள்ளியிருந்தால் உடைப்பது எளிது. ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற ஆகிய ஆறு இணைகளையும் பாருங்கள். ஆறிலும் புள்ளி வைத்த எழுத்துக்கு வரிசையில் சரியாக முந்தைய எழுத்துதான் பின்னால் வருகிறது. எத்தனை இடம் தள்ளினாலும் அந்த உறவு மாறாது. ஏழு தள்ளினால் ங்க என்பது ப்ந ஆகும், ந்த என்பது ழ்வ ஆகும். அதிலும் ங் இருக்கிறதே, அதற்குப் பின்னால் ககரம் தவிர வேறு எதுவும் வருவதே அபூர்வம். எப்போதும் ஒரே எழுத்தையே பின்னால் இழுத்துக்கொண்டு திரியும் புள்ளி எழுத்து எது என்று கண்டுபிடித்தால், தள்ளிய தூரம் கையில் வந்துவிடும். மார்த்தாண்டம் தம்பி முன்பு அனுப்பிய உறையை இப்படித்தான் சாயா ஆறுவதற்குள் முடித்தோம்.

தக்கலை அண்ணன் அதற்கு இடம் கொடுக்கவில்லை. எழுத்துக்கு எழுத்து வேறு எண். 1, 7, 4, 1, மறுபடி 1, 7, 4, 1. ஐரோப்பாவில் விஜினேர் பெயரில் வழங்கும் முறையின் எண் வடிவம் இது. அதை 1553-இலேயே பெல்லாசோ என்ற இத்தாலியர் எழுதிவைத்திருக்கிறார். பொதுவாக உடைக்கும் வழியை வெளியிட்டவர் காசிஸ்கி என்ற பிரஷ்ய ராணுவ அதிகாரி, 1863-இல். திரும்பத் திரும்ப வரும் துண்டுகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்தால் சாவியின் நீளம் தெரியும் என்பது அவர் கண்டது. அண்ணனின் குட்டி வரியிலும் அது இருந்தது. இரண்டு சொல்லும் 'வ்' என்று முடிகின்றன. மூன்றாம் எழுத்து ஒன்று, ஏழாம் எழுத்து ஒன்று. இடைவெளி நான்கு. தமிழ்ச் சொல் வகர மெய்யில் முடிவது அரிது, மகர மெய்யில் முடிவது ஏராளம். வ் என்பது ம் ஆக வேண்டுமானால் நான்கு இடம் பின்னால் போக வேண்டும். 1741-இன் மூன்றாம் எண் நான்கு.

அவிழ்த்தால் கிடைப்பது: "பீடம் மட்டும்".

இனி எண் தாள். ஒவ்வொரு வரியிலும் மூன்று எண்கள். முதல் எண் 1330-ஐத் தாண்டவில்லை, இரண்டாவது 7-ஐத் தாண்டவில்லை. குறள் எண், சீர் எண், எழுத்து எண். 12-6-1 என்றால் பன்னிரண்டாம் குறளின் ஆறாம் சீரில் முதல் எழுத்து, 'தூ'. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம். ஆனால் எல்லா வரியையும் எடுத்து எழுதினால் உளறலாக வரும். இங்கேதான் பீடம் வேலை செய்கிறது. கன்னியாகுமரியில் வள்ளுவர் சிலை 133 அடி, 133 அதிகாரத்துக்காக. அதில் பீடம் மட்டும் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரம். பொருளும் இன்பமும் சேர்ந்த 95 அதிகாரத்துக்கு மேலே நிற்கும் 95 அடிச் சிலை. ஆகவே 380-க்கு மேற்பட்ட குறள் எண்கள் எல்லாம் வெறும் பதர். அவற்றை அடித்துவிட்டுப் படித்தால் "மாத்தூர் தூண் எத்தனை". மாத்தூரில் கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகும் தொட்டிப்பாலத்தைத் தாங்கும் தூண்கள் 28. அஞ்சலட்டையில் 28 என்று எழுதிப் போட்டால் ஆட்டம் முடிந்தது.

ஒரு குறை சொல்வேன். கடைசி அடுக்கு புதிர் இல்லை, பொது அறிவுக் கேள்வி. அதுவரை ஏறியவனைக் கடைசியில் கூகுளில் தேட வைப்பது சரியா?

தக்கலை

தயாரித்தவன் பேசுகிறேன். 28 என்பதைத் தேடி எடுக்காமல் நேரில் போய் எண்ணட்டும் என்றுதான் வைத்தேன். 1966-இல் கட்டிய பாலம், 115 அடி உயரம், நம் வீட்டு வாசலில் இருக்கிறது. போகச் சோம்பல் என்றால் நான் என்ன செய்ய?

ஆனால் எழுத வந்தது வேறு. இந்த உறையை சென்னையில் இருக்கும் என் மச்சானுக்கும் அனுப்பினேன். அவருக்குக் கொல்லம் ஆண்டு தெரியாது. எங்கேயோ பார்த்து 824-ஐக் கூட்டி 1740 என்று எடுத்துக்கொண்டார். கொல்லம் ஆண்டு பிறப்பது ஆவணியில். ஆவணி முதல் டிசம்பர் வரை 824 கூட்ட வேண்டும், ஜனவரி முதல் ஆடி வரை 825. உதாரணத்துக்கு, நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1 கொல்லம் 1132 ஐப்பசி; அதற்கு 824 சரி. ஆடிக்குச் சரிவராது.

மச்சானுக்கு வந்த விடை "பீடம் யட்டும்". அவர் அதை அப்படியே எழுதி அனுப்பினார். என்னவோ 'எட்டும்' என்று இருக்கலாம், பீடத்துக்கு எட்டும் ஏதோ ஒன்று என்று தானாக ஊகித்து அந்த ஊகத்தை அனுப்பியிருந்தால் நான் ஒன்றும் உதவியிருக்க முடியாது. கண்ணால் கண்ட எழுத்தை மாற்றாமல் அனுப்பியதால், நான்காவது எழுத்து மட்டும் ஓரிடம் பிசகுகிறது, ஆக சாவியின் கடைசி எண் ஒன்று குறைவு என்று பார்த்தவுடனே தெரிந்தது. "உங்க தேதியை இன்னொரு தடவை பாருங்க மச்சான்" என்று மட்டும் பதில் போட்டேன். மற்றதை அவரே பிடித்துவிட்டார். நம்மில் சிலர் குறிப்பு ஒப்பிடுவதாகச் சொல்லி முடிவை மட்டும் சொல்கிறார்கள். முடிவு எனக்கு எதற்கு? நடுவில் பார்த்ததைச் சொல்லுங்கள்.

குளச்சல்

நான் வேதியியல் டீச்சர், ஓய்வு பெற்றாகிவிட்டது. அந்த வெற்றுத்தாளைப் பற்றி இரண்டு அண்ணன்மாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை! அதில் 'பதம் பிரிக்காதே' என்று இருந்தது. எத்தனை பேர் அதைப் பார்த்தீர்கள்?

கஞ்சித் தண்ணியில் எழுதியிருப்பார் என்று நினைத்து மாவுச்சத்தில் பட்டால் கருநீலமாகும் அயோடின் மருந்தை நீர் சேர்த்து ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தேன். சொட்டு விழுந்த இடம் முழுக்கக் கருநீலம். எழுத்தால் அல்ல, கடைத் தாள்கள் பலவற்றில் மாவுச்சத்துப் பூச்சு உண்டு. தாள் முழுவதும் தடவியிருந்தால் எல்லாம் போயிருக்கும். ஆகவே எந்த மருந்தானாலும் முதலில் ஒரு மூலையில் மட்டும் வைத்துப் பாருங்கள்.

அப்புறம் காரம் பட்டால் சிவக்கும் மஞ்சள் கரைசலைப் பஞ்சில் தொட்டு ஒற்றினேன், எழுத்து சிவந்து வந்தது. மங்கலாக. தக்கலை அண்ணன் வெற்றிலைச் சுண்ணாம்பின் தெளிவு நீரில் எழுதியதாகச் சொன்னார். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கார்பனேட் ஆகிக் காரத்தை இழந்துகொண்டே இருக்கும். தபாலில் கிடக்கும் நாட்களில் அதுதான் நடந்தது. அடுத்த முறை சலவை சோடா போட்டு எழுதுங்கள், நாள் பட்டாலும் பளிச்சென்று சிவக்கும். மழைக்காலத்தில் இந்த அடுக்கே வேண்டாம். நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஈரம் பட்ட தாளில் எழுத்து ஊறிப் பரவிவிடும்.

மார்த்தாண்டம்

டீச்சர் சொன்ன 'பதம் பிரிக்காதே' என்னைக் காப்பாற்றியது. என்னிடம் இருந்த பதிப்பு சந்தி பிரித்து அச்சிட்டது. முதல் குறளிலேயே மூன்றாம் சீர் இரண்டு சொல்லாகிவிடுகிறது. 1-4-1 என்றால் சீர்படி 'ஆ' வர வேண்டும், என் புத்தகத்தில் 'எ' வரும். வடசேரி அண்ணன் ஃபோனில் தன் எழுத்துகளை வரிசையாகப் படித்தபோது என்னுடையதோடு பாதிக்கு மேல் ஒத்துப்போகவில்லை. யார் கணக்குச் சரி என்று வாக்குவாதம் வேறு. வெற்றுத்தாளை அண்ணன் தொடவே இல்லை, அவர் வீட்டில் சீர் பிரித்த பழைய பதிப்பு இருந்ததால் அது இல்லாமலே தப்பித்தார். இன்னொன்று, மணக்குடவர் உரையில் குறள்களின் வரிசையே வேறு. எண்ணிட்டுப் புதிர் வைக்கிறவர்கள் பரிமேலழகர் வரிசையா என்று எங்காவது காட்டிவிட வேண்டும்.

அஞ்சலட்டையில் துப்பு எழுதுவதையும் நிறுத்திக்கொள்ளலாமே. ஐம்பது காசுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீட்டில் எல்லோரும் படிக்கிறார்கள். போன முறை நான் உறையைப் பிரிக்கும் முன்பே என் சித்தி "சிலையோட பீடத்தைப் பாருடே" என்று விடையைச் சொல்லிவிட்டாள். இன்லேண்ட் லெட்டரில் எழுதி ஒட்டுங்கள்.

அடுத்த உறை என் முறை, ஓணம் முடிந்ததும் அனுப்புகிறேன். வழக்கம்போல மேல் மடிப்பைக் கிழித்துத் திறக்காதீர்கள், கத்தரியால் பக்கவாட்டில் வெட்டுங்கள். ஏன் என்று இப்போது கேட்கக் கூடாது.