‘எரோட்டிக் சினிமா’வுக்குத் தமிழ்: திங்கட்கிழமைக்குள் வேண்டும்

பாளையங்கோட்டையிலிருந்து:
நண்பர்களுக்கு வணக்கம். திரைப்பட வரலாற்றுப் பாடத்தைத் தமிழாக்குகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பாலுணர்வை மையமாகக் கொண்ட படவகையான ‘எரோட்டிக் சினிமா’ வந்த இடத்தில் நின்றுவிட்டேன். பழைய பதிப்பில் ‘ஆபாசப் படம்’ என்று இருக்கிறது. அது தீர்ப்பு, பெயர் அல்ல. பாடமோ தீர்ப்பு மாறிய கதையைச் சொல்கிறது. 1934 முதல் ஹாலிவுட்டைக் கட்டிப்போட்ட ஒழுக்க விதிகள் 1968இல் போய், வயது பார்த்துத் தரம் குறிக்கும் முறை வந்தது. 1969இல் டென்மார்க் பாலுறவுப் படங்கள் மீதிருந்த தடையையே நீக்கியது. 1971இல் ஜப்பானின் நிக்கட்சு நிறுவனம் நொடித்துப்போகாமலிருக்க இவ்வகைப் படங்களுக்கு மாறியது. இன்று அவற்றை விழாக்களில் மரியாதையோடு திரையிடுகிறார்கள். அன்றைக்கும் இன்றைக்கும் பொருந்தும் சொல் வேண்டும். ‘பாலியல் திரைப்படம்’ சரியா?

அம்பாசமுத்திரத்திலிருந்து:
வேண்டாம். பத்திரிகைகளில் ‘பாலியல்’ என்றால் அடுத்த சொல் ‘குற்றம்’, தப்பினால் ‘கல்வி’. ‘காமத் திரைப்படம்’ என்று வையுங்கள். வடசொல் என்று யாரும் கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: ‘கமம் நிறைந்து இயலும்’ என்பது தொல்காப்பியம். நிறைவே காமம். ‘காமம் செப்பாது கண்டது மொழிமோ’ என்று தும்பியிடம் கேட்கிறதே குறுந்தொகை, அந்த அடியைத் தணிக்கை அலுவலகத்தில் எழுதி மாட்டலாம்.

தென்காசியிலிருந்து:
அண்ணாச்சி, கமத்துக்கும் காமத்துக்கும் முடிச்சுப் போடுவது உங்கள் பழைய வழக்கம். ஆபாசத்தை அவசரப்பட்டுத் தள்ளாதீர்கள். வடமொழியில் அது போலித்தோற்றம். தருக்க நூலார் போலி ஏதுவை ‘ஏதுவாபாசம்’ என்பார்கள். அந்தக் கணக்கில் திரையில் விழும் நிழல் அத்தனையும் ஆபாசமே, பக்திப் படம் உட்பட.

அம்பாசமுத்திரத்திலிருந்து:
பக்திப் படத்தை இதில் இழுக்க வேண்டாம்.

வீரவநல்லூரிலிருந்து:
நான் இலக்கணம் படித்தவன் அல்லன். தியேட்டரில் படம் ஓட்டியவன். எங்கள் பக்கம் ‘காலைக்காட்சிப் படம்’ என்பார்கள், ‘மலையாளப் படம்’ என்பார்கள். மலையாளத்தில் நல்ல படம் எடுத்தவர்களுக்கு என்ன பாவம்! தணிக்கையான படத்துக்கு நடுவே வேறு துண்டை ஒட்டி ஓட்டினால் ‘பிட்டுப் படம்’. கேட்டதும் புரிவது அதுதான்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:
யோசித்தால் பிட்டு நல்ல தமிழ். பிட்டு எடுத்த துண்டு பிட்டு. ‘புட்டுப்புட்டு வைத்தான்’ என்பதும் இதுவே. ஆங்கிலத்துக்கு ஏன் போக வேண்டும்? சிவபெருமான் மண் சுமந்ததே பிட்டுக்குத்தான்.

தென்காசியிலிருந்து:
இப்போது பக்திப் படத்தை இழுத்தது யார்?

பாளையங்கோட்டையிலிருந்து:
‘பிட்டு’ ஒட்டுவேலையின் பெயர், படவகையின் பெயர் அல்ல. அதோடு நான் வகுப்பில் நிற்க வேண்டியவள். 1970இல் திரைப்பட இயக்குநர் கே. ஏ. அப்பாஸ் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் முன்தணிக்கை செல்லும் என்றது. பாலுறவும் ஆபாசமும் எப்போதும் ஒன்றல்ல என்றும் சொன்னது. அந்த இரண்டாவது வரியைத் தாங்கும் சொல்லைத்தான் கேட்கிறேன். ‘சிற்றின்பத் திரைப்படம்’ என்று தனிமடலில் ஒருவர் எழுதினார். ‘சிறு’ என்றதுமே குட்டு விழுந்துவிடுகிறதே!

கடையநல்லூரிலிருந்து:
அக்கா, மணி பதினொன்று. ‘பாலியல் திரைப்படம்’ என்றே போடுங்கள். முதல் முறை வரும்போது மட்டும் அடைப்புக்குறிக்குள் ‘எரோட்டிக்’ சேர்த்துவிடுங்கள்.

தென்காசியிலிருந்து:
வேறு வழியில்லை. சரி.

வீரவநல்லூரிலிருந்து:
சரி.

அம்பாசமுத்திரத்திலிருந்து:
என் மறுப்பைக் குறித்துக்கொள்ளவும். கமம் பற்றி நாளை தனியாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.