சைரன் அடித்தும் ஏன் ஒருவரும் எழும்பவில்லை?

சல்லிக்கரை:
போன கிழமை எங்கள் திருகோணமலைப் பக்கம் சுனாமி ஒத்திகை. காலை பத்து மணிக்குச் சைரன் அடித்தது. நான் இருந்த தேநீர்க்கடையில் ஒன்பது பேர். ஒருவரும் அசையவில்லை. சைரன் ஊளையிட்டுக்கொண்டிருக்கும்போதே ஒருவர் இன்னொரு பிளேன்டீ சொன்னார். 2004 டிசம்பர் 26இல் எத்தனை உயிர் கொடுத்த கரை இது! என் கட்சி இதுதான்: மனிதனை எழுப்புவது பயம் ஒன்றுதான். இருபது வருடத்தில் அந்தப் பயம் தேய்ந்துபோய்விட்டது. அன்றைய படங்களைப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போட்டுக் காட்ட வேண்டும். மறுக்கிறவர்கள் வரலாம்.

பதினைந்து குதிரை:
நான் மறுக்கிறேன். ஒத்திகை என்று முதல்நாளே ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று. பிறகு யார் ஓடுவான்? 2012 ஏப்ரல் 11ஐ நினைத்துப் பாருங்கள். புத்தாண்டு நெருங்கிய நேரம், மத்தியானம் இரண்டு மணி தாண்டிச் சுமாத்திராவில் 8.6 நிலநடுக்கம். எச்சரிக்கை வந்ததும் ஒரு மோட்டார் சைக்கிளில் நான்கு பேர் ஏறிக் கடலை விட்டு உள்ளே இருக்கும் கன்னியாப் பக்கம் பறந்தார்கள். கடல் வரவில்லை, அது வேறு கதை. ஆனால் சனம் எழும்பியது.

நான் மட்டும் அன்று ஒரு மணி நேரம் கரையில் நின்றேன். மச்சானும் நானும் இஞ்சினைக் கழற்றி மேட்டுக்குக் கொண்டுபோனோம். பயம் இல்லாமலா? கை நடுங்கியதில் போல்ட் இரண்டு மணலில் விழுந்து தொலைந்தது. ஆனால் இஞ்சின் கடனில் வாங்கியது. உயிர் போனால் வள்ளம் எதற்கு என்று கேட்பீர்கள். வள்ளம் இல்லாமல் உயிரோடு இருப்பது எப்படி என்று 2005 முழுக்கப் பார்த்தவன் நான்.

ஓய்வூதிய வாத்தியார்:
இரண்டு பேரும் ஆளின் நெஞ்சுக்குள்ளேயே தேடுகிறீர்கள். நான் பக்கத்து நாற்காலியைப் பார்க்கச் சொல்கிறேன்.

1968இல் நியூயோர்க்கில் லதானே, டார்லி என்ற உளவியலாளர் இருவர் ஒரு பரிசோதனை முடிவை வெளியிட்டார்கள். மாணவன் ஒருவனை அறையில் இருத்திப் படிவம் நிரப்பச் சொல்வது, சுவரில் இருக்கும் துவாரத்தால் புகையை விடுவது. தனியாக இருந்தவர்களில் நூற்றுக்கு 75 பேர் எழும்பிப்போய்ச் சொன்னார்கள். கூட இரண்டு பேரை இருத்தி, புகையைக் கண்டும் பேசாமல் எழுதிக்கொண்டிருக்கும்படி முன்கூட்டியே சொல்லிவைத்தபோது? நூற்றுக்கு 10. மற்றவர்கள் கண்ணைக் கசக்கி, இருமிக்கொண்டு, படிவத்தை நிரப்பினார்கள்.

உங்கள் கடையில் நடந்ததும் அதுதான். 2012இல் எதிர்வீட்டுக்காரன் ஓடினான், அதனால் தெருவே ஓடியது.

சல்லிக்கரை:
சேர், அது வெள்ளைக்காரப் பிள்ளைகள். நம் ஊரில் புகை வந்தால் 'என்ன எரியுது?' என்று நாலு வீட்டுக்குக் கேட்கக் கத்துவார்கள். மற்றவன் முகத்தைப் பார்த்து இருப்பதற்கு இது நியூயோர்க் இல்லை.

ஓய்வூதிய வாத்தியார்:
சைரனுக்கு யார் கத்தினார்கள் தம்பி?

விதிப்பயன்:
சாக வேண்டியவன் மலை உச்சியிலும் சாவான். எல்லாம் எழுதியபடி. வீண் பேச்சு.

பதினைந்து குதிரை:
எழுதியபடி என்றால் நீங்கள் ஏன் ஹெல்மெட் போடுகிறீர்கள்?

விதிப்பயன்:
பொலிஸ் பிடிக்கும்.

பதினைந்து குதிரை:
பாருங்கள், தண்டக்காசு! அண்ணனின் கட்சியும் இல்லை, சேரின் கட்சியும் இல்லை. கையில் இருப்பது போகும் என்றால் ஆள் அசைவான்.

ஓய்வூதிய வாத்தியார்:
பகிடி நல்லது. ஆனால் காசு கணக்கே இல்லாத ஓர் உதாரணம் சொல்கிறேன். சுமாத்திராவுக்குப் பக்கத்தில் சிமெலுவே என்று ஒரு தீவு. 2004 நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிகக் கிட்ட. சனத்தொகை ஏறக்குறைய 78,000, இறந்தவர்கள் ஏழு பேர். 1907இல் அங்கே ஒரு சுனாமி வந்து அழித்தது. அதை 'ஸ்மோங்' என்று பெயர் வைத்துப் பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள்: நிலம் பலமாக ஆடிக் கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு. அன்று 'ஸ்மோங்' என்று ஒருவர் கத்த, எல்லோரும் ஓடினார்கள்.

பதினைந்து குதிரை:
சேர், அவர்களுக்கு நிலம் ஆடியது. நமக்கு எது ஆடியது? எங்கள் கரையில் கடல் வாங்கவும் இல்லை, நேரே ஏறித்தான் வந்தது. அங்கே நிலம் ஆடி நம் கரைக்கு அலை வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அது போயா, பௌர்ணமி விடுமுறை ஞாயிறு, நான் கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தேன். ஒருவரும் சொல்லவில்லை. இந்தக் கரைக்குப் பாட்டு உதவாது. வேறு யாரோ சொல்வதை நம்பித்தான் நாங்கள் ஓட வேண்டும்.

ஓய்வூதிய வாத்தியார்:
அது சரி. அதை நான் யோசிக்கவில்லை.

கிண்ணியா மருமகள்:
இரண்டு நாளாக வாசிக்கிறேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. 2020 புரெவிப் புயல். கொரோனாக் காலம். ரேடியோ, பள்ளிவாசல் ஒலிபெருக்கி, தொலைபேசிக் குறுஞ்செய்தி எல்லாம் சொல்லியும் நாங்கள் போகவில்லை. முகாமில் கூட்டமாக இருக்க வேண்டுமே என்ற பயம் புயலைவிடப் பெரிது. பயம்தான் எழுப்பும் என்கிறீர்கள், எங்களை அது வீட்டுக்குள் அல்லவா இருத்தியது?

அடுத்தது மாமி. 1964 புயலைச் சிறு பிள்ளையாகக் கண்டவர். கூரை பறந்ததை இன்றும் சொல்வார். அவர்தான் முதலில் மறுத்தார். 'அதுக்கே சாகாத நான் இதுக்கா சாவேன்?' என்றார். பட்டவருக்குப் புத்தி வரும் என்பார்கள். மாமிக்குத் துணிச்சல்தான் வந்தது.

பிறகு எப்படிப் போனோம்? ஜி.எஸ்., எங்கள் கிராம சேவகர், பட்டியலோடு வாசலுக்கு வந்தார். புயலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. 'மாமிக்கு முழங்கால் ஏலாது, ராவையில் யார் தூக்குவது?' என்று கேட்டார். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. வெளியே டிராக்டர் நின்றது. பத்து நிமிடத்தில் ஏறிவிட்டோம். டிசம்பர் 2 இரவு புயல் வடக்கே திரியாய், குச்சவெளிப் பக்கம் கரை ஏறியது. எங்கள் ஓடு ஒன்றுகூட அசையவில்லை. மாமி ஒரு மாதம் ஏசினார்.

பதினைந்து குதிரை:
தங்கச்சி, அந்த டிராக்டர்தான் விசயம்! 2012இல் எங்கள் கரைக்கு ஒன்று வந்திருந்தால் நான் போல்ட்டைத் தேடிக்கொண்டு நின்றிருக்க மாட்டேன்.

சல்லிக்கரை:
டிராக்டரும் பயந்தவனுக்குத்தான் வேண்டும். மாமி விசயத்தில் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். மற்றபடி என் கட்சியில்தான் இருக்கிறேன்.

கிண்ணியா மருமகள்:
ஒன்று கேட்கலாமா அண்ணன்? கடையில் ஒன்பது பேர், ஒருவரும் அசையவில்லை என்று எழுதினீர்கள். அந்த ஒன்பதில் நீங்களும் சேர்த்தியா?

சல்லிக்கரை:
சேர்த்திதான். எழும்பத்தான் நினைத்தேன். கடைக்காரரைப் பார்த்தேன். அவர் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார்.

ஓய்வூதிய வாத்தியார்:
அடுத்த ஒத்திகைக்கு நானும் அந்தக் கடைக்கு வருகிறேன். நீர் எழும்பும். பின்னால் எத்தனை பேர் எழும்புகிறார்கள் என்று நான் எண்ணுகிறேன்.

பதினைந்து குதிரை:
சேர், நீங்கள் எண்ணிக்கொண்டு இருந்தால் பார்க்கிறவனும் இருந்துவிடுவான். நீங்களும் எழும்புங்கள்.